அம்மா கொடுத்த பணமும் மெடிகெய்ட் கேட்கும் கணக்கும்

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு 79 வயது, கணவரை இழந்தவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். நியூஜெர்சியில் 1996-இல் 1.8 லட்சம் டாலருக்கு வாங்கி, இன்று 6.5 லட்சம் டாலர் பெறுமானமுள்ள சொந்த வீட்டில் இருக்கிறார். சேமிப்பாக 90,000 டாலர் இருக்கிறது. மறதி நோய் கூடிவருவதால் ஒன்றரை ஆண்டாக நீங்கள் வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டிலேயே தங்கி அவரைக் கவனித்துவருகிறீர்கள். இரண்டரை ஆண்டுக்கு முன் உங்கள் தம்பி வீடு வாங்குவதற்கு அம்மா 60,000 டாலர் கொடுத்தார். இரண்டாண்டுக்கு முன் கும்பகோணத்துக்கு அருகிலிருந்த மனையைத் தம் தம்பிக்கு, அதாவது உங்கள் மாமாவுக்கு, தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்தார். முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நர்சிங் ஹோமில் சேர்க்க நேர்ந்தால், வசதி இல்லாதவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்ட் கிடைக்கும்படி வீட்டையும் இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாமா என்பதும், ஆண்டுக்கு 19,000 டாலர் வரை கொடுப்பது கணக்கில் வராது என்று நண்பர்கள் சொல்வது சரியா என்பதும் உங்கள் கேள்விகள்.

வீட்டை இப்போது மாற்றாதீர்கள். இன்னும் ஆறேழு மாதம் பொறுத்தால் அதே வீடு எந்தத் தண்டனையும் இல்லாமல் உங்களுக்கு வருவதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. நண்பர்கள் சொல்லும் 19,000 டாலர் வேறொரு சட்டத்தைச் சேர்ந்தது. மெடிகெய்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தக் குழப்பத்தையே முதலில் தீர்த்துவிடுகிறேன். நான் பார்த்த கோப்புகளில் மிகுந்த சேதத்தை உண்டாக்கியது அதுதான். வருமான வரித் துறையான ஐஆர்எஸ், அன்பளிப்பு வரிக்காக ஒரு விலக்கு வைத்திருக்கிறது. 2025-இல் ஒருவர் இன்னொருவருக்கு 19,000 டாலர் வரை கொடுத்தால் அதற்குப் படிவம் தாக்கல் செய்யவும் தேவையில்லை. அது வரி பற்றிய விதி மட்டுமே. மெடிகெய்ட் சட்டத்தில் அப்படியொரு ஆண்டு விலக்கு கிடையாது. ஐந்தாண்டுகளாகப் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் ஆண்டுதோறும் பத்தாயிரம் டாலர் கொடுத்துவந்த ஒரு தாத்தா, வரிக் கணக்கில் ஒரு சென்ட் கூடக் கடன்பட்டவர் அல்லர். ஆனால் மெடிகெய்ட் அலுவலகத்தின் கணக்கில் அவர் 2 லட்சம் டாலரைக் கைவிட்டவர்.

மெடிகேரும் மெடிகெய்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான மெடிகேர், மருத்துவமனையில் மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்தபின் தேர்ச்சி பெற்ற செவிலியர் கவனிப்புக்காக நர்சிங் ஹோம் சென்றால் அதிகபட்சம் 100 நாள் வரை உதவும்; அதிலும் 20 நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு நாம் கட்ட வேண்டிய பங்கு உண்டு. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொள்வது போன்ற நீண்டகாலப் பராமரிப்புக்கு அது பணம் தருவதில்லை. 2024-ஆம் ஆண்டின் நாடு தழுவிய கணிப்பொன்றின்படி நர்சிங் ஹோமில் தனியறைக்கான இடைநிலைச் செலவு ஆண்டுக்கு 1,27,750 டாலர். இந்தச் சுமையைத் தாங்க வசதி இல்லாதவர்களுக்காக ஒன்றிய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்துவதே மெடிகெய்ட். பெரும்பாலான மாநிலங்களில், தனி ஆளாக இருப்பவர் கையில் கணக்கில் சேரும் சொத்து 2,000 டாலருக்கு மேல் இருந்தால் அது கிடைக்காது. கலிஃபோர்னியா 2024-இல் இந்தச் சொத்து வரம்பையே எடுத்துவிட்டு, 2026 ஜனவரியிலிருந்து 1.3 லட்சம் டாலர் என்று மறுபடியும் கொண்டுவந்தது. எனவே உறவினர் ஒருவரின் அனுபவத்தை வேறு மாநிலத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

இனி அன்பளிப்பு விவகாரம். விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 60 மாதங்களுக்குள் உங்கள் அம்மா உரிய விலை பெறாமல் யாருக்கு எதைக் கொடுத்திருந்தாலும் அதைக் காட்ட வேண்டும். இதற்கு லுக்பேக் காலம் என்று பெயர். முன்பு பொதுவாக 36 மாதமாக இருந்ததை, 2006 பிப்ரவரி 8 அன்று கையெழுத்தான பற்றாக்குறைக் குறைப்புச் சட்டம் 60 ஆக்கியது. கொடுத்த தொகை முழுவதையும் கூட்டி, அந்த மாநிலத்தில் நர்சிங் ஹோமுக்கு ஒரு மாதம் ஆகும் சராசரிச் செலவால் வகுப்பார்கள். சில மாநிலங்கள் நாள் கணக்கில் வகுக்கும். ஈவாக வரும் காலம் முழுவதும் மெடிகெய்ட் நர்சிங் ஹோம் செலவைக் கொடுக்காது. இதைத் தண்டக் காலம் என்று வைத்துக்கொள்வோம். வகுக்கும் எண்ணை மாநிலம் அவ்வப்போது மாற்றும் என்பதால், கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மாதம் 10,000 டாலர் என எடுத்துக்கொள்கிறேன். தம்பிக்குக் கொடுத்த 60,000-க்கு ஆறு மாதம். மனையின் சந்தை மதிப்பு அன்று 22 லட்சம் ரூபாய் என்றால் சுமார் 26,000 டாலர். அதற்கு இரண்டு மாதமும் சில நாளும். ஆக எட்டரை மாதத்துக்குச் சற்று அதிகம். பின்னமாக வருவதைக் கழித்துவிடுவதற்கும் சட்டம் இடம் தரவில்லை.

‘கொடுத்து இரண்டரை ஆண்டு ஆயிற்றே, அந்த ஆறு மாதம் எப்போதோ கழிந்திருக்குமே’ என்று தோன்றும். 2006-க்கு முன் அந்த எண்ணம் சரியாகவே இருந்தது. கொடுத்த மாதத்திலிருந்தே தண்டக் காலம் ஓடத் தொடங்கிவிடும். அதைப் பயன்படுத்தி, சொத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு மறுபாதியை வைத்துக்கொண்டு தண்டக் காலத்தைக் கடத்துவது அன்று வழக்கறிஞர்களின் அன்றாட வேலையாக இருந்தது. புதிய சட்டம் அந்தத் தொடக்க நாளைத் தள்ளி வைத்தது. அம்மா நர்சிங் ஹோம் அளவிலான பராமரிப்பில் இருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்திருக்க வேண்டும். கையிருப்பு கரைந்து 2,000 டாலருக்குள் வந்து, அன்பளிப்பு ஒன்றைத் தவிர மற்ற எல்லா வகையிலும் தகுதி பெற்றிருக்க வேண்டும். அந்த நாளில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அதாவது, கையில் காசே இல்லாத நாளில் தொடங்கும் எட்டரை மாதம் அது. அந்த எட்டரை மாதத்துக்கும் மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வரும் பில்லை யார் கட்டுவது என்பதே இந்தச் சட்டத்தின் உண்மையான கூர்மை. பலரும் தொகையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது தேதியைப் பார்த்து.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரப்பட்டு விண்ணப்பித்துக் கெட்டவர்களும் உண்டு. லுக்பேக்குக்கு 60 மாதம் என்ற எல்லை உண்டு. தண்டக் காலத்துக்கு எல்லையே கிடையாது. 9 லட்சம் டாலர் வீட்டை மகன் பெயருக்கு மாற்றி 58 மாதமான நிலையில் ஒருவர் விண்ணப்பித்தால், அவருக்கு 90 மாதத் தண்டக் காலம் விதிக்கப்படலாம். அதே மனிதர் மூன்று மாதம் சொந்தச் செலவில் சமாளித்துவிட்டு 61-ஆவது மாதத்தில் விண்ணப்பித்திருந்தால் அந்த வீட்டைப் பற்றிய கேள்வியே எழுந்திருக்காது. உங்கள் விஷயத்தில் தம்பிக்குக் கொடுத்ததும் மாமாவுக்குக் கொடுத்ததும் முற்றிலும் மறைய இன்னும் மூன்றாண்டு ஆகும். அம்மாவின் சேமிப்பு, உங்கள் கவனிப்பு, அவருடைய ஓய்வூதியம் ஆகியவற்றை வைத்து அதுவரை வீட்டிலேயே ஓட்ட முடியுமா என்பது மருத்துவரிடம் பேசித் தீர்மானிக்க வேண்டியது.

கும்பகோணம் மனையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனெனில் நம்மவர்கள் பெரும்பாலும் இதை விண்ணப்பத்தில் எழுதுவதே இல்லை. இந்தியாவில் இருக்கும் சொத்தும் சொத்துதான். விற்கக்கூடிய நிலையில் இருந்தால் அது அம்மாவின் கணக்கில் சேரும், இலவசமாகக் கொடுத்திருந்தால் அன்பளிப்பாகச் சேரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது அரசின் வழிகாட்டி மதிப்பில் இருக்கலாம். இங்கே கேட்கப்படுவதோ கொடுத்த நாளின் சந்தை மதிப்பு. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பத்திர நகல், வில்லங்கச் சான்று, அருகிலுள்ள மனைகளின் அன்றைய விற்பனை விலை ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இப்போதே எடுத்துவையுங்கள். விண்ணப்பத்தில் மறைத்துவிட்டுப் பின்னால் அது வெளிவந்தால், தண்டக் காலத்தோடு முடியாமல் பொய்த் தகவல் கொடுத்த குற்றமாகிவிடும்.

கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் தண்டக் காலம் நீங்கும். மாமா மனையையே அம்மா பெயருக்கு மறுபடி எழுதித் தரலாம். ஆனால் அதற்கு மீண்டும் முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் ஆகும், பிறகு அந்த மனையை விற்கவும் வேண்டும். அதைவிட அன்றைய சந்தை மதிப்புக்கு ஈடான பணத்தை மாமா அனுப்பிவைப்பது எளிது. அப்போது மனையை இலவசமாகக் கொடுத்ததாக இல்லாமல் விலைக்கு விற்றதாக ஆகிவிடும். தம்பியும் அவ்வாறே பணத்தைத் திருப்பலாம். பாதி மட்டும் திருப்பினால் பாதித் தண்டம் குறையுமா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடுவதால், அதை விண்ணப்பத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழி, அந்த அன்பளிப்பு மெடிகெய்ட் பெறும் நோக்கம் சிறிதுமின்றி முற்றிலும் வேறொரு காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டது என்று நிறுவுவது. நிறுவும் பொறுப்பு நம்முடையது. தம்பிக்குப் பணம் கொடுத்தபோது அம்மா காரோட்டிக்கொண்டிருந்தார், மறதி நோய் கண்டறியப்படவில்லை, சில ஆண்டுகளுக்கு முன் உங்களுக்கும் அதே போல வீடு வாங்கப் பணம் கொடுத்திருந்தார், கொடுத்த பிறகும் தமக்குப் போதுமானதை வைத்திருந்தார் என்றெல்லாம் மருத்துவக் குறிப்புகளும் வங்கிக் கணக்கும் காட்டுமானால் வாதிடலாம். ‘அம்மா பாசத்தில் கொடுத்தார்’ என்ற ஒரு வரிக் கடிதம் போதாது. எல்லா அம்மாக்களும் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள் என்பது அந்த அலுவலருக்கும் தெரியும்.

இங்கே ஒரு சிறு விலகல். நம் வீட்டுக் கல்யாணத்தில் நூறு ரூபாய் மொய்க்கும் நோட்டில் வரவு எழுதுவார்கள். ஆனால் கொடுத்தவர் தன் பக்கத்தில் எதையும் எழுதிவைப்பதில்லை. மெடிகெய்ட் அலுவலர் ஐந்தாண்டு பேங்க் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெரிய எடுப்பையும் ‘இது என்ன?’ என்று கேட்பார். பேத்திக்குச் செய்த நகை, கோயில் குடமுழுக்குக்குக் கொடுத்த 5,000 டாலர், ஊரில் அண்ணன் அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பியது எல்லாமே அன்பளிப்பாகவே பார்க்கப்படும், அறக்கொடைக்கும் விலக்கில்லை. ரொக்கமாக எடுத்து அம்மாவுக்கே செலவழித்திருந்தாலும் ரசீது இல்லாவிட்டால் சிக்கல். உங்கள் பெயரையும் சேர்த்த கூட்டுக் கணக்கு இருந்தால், அதிலுள்ள பணம் உங்களுடையது என்று நிரூபிக்காதவரை முழுவதும் அம்மாவுடையதாகவே கொள்ளப்படும். அதிலிருந்து நீங்கள் எடுத்தது அம்மா கொடுத்ததாகிவிடும்.

அதேபோல, நீங்கள் செய்யும் பணிவிடைக்காக அம்மா உங்களுக்குப் பணம் கொடுப்பதானால், முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மணிக்கணக்கும் கூலியும் அந்த ஊர் நிலவரப்படி இருக்க வேண்டும். நீங்கள் அதற்கு வருமான வரியும் கட்ட வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் கடந்த ஒன்றரை ஆண்டுக்காக இப்போது மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால், மகள் அன்பால் செய்த வேலைக்குப் பின்னால் கொடுத்த பரிசு என்றே எடுத்துக்கொள்வார்கள். பெற்ற தாய்க்குச் செய்வதற்கு ஒப்பந்தமா என்று நமக்குக் கூசும். கூசினாலும் எழுதுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அம்மா அங்கே வசிக்கும்வரை, அதில் அவருக்குள்ள மதிப்பு மாநிலம் வைத்திருக்கும் உச்சவரம்புக்குள் இருந்தால், வீடு கணக்கில் சேராத சொத்து. 2025-இல் அந்த வரம்பு மாநிலத்தைப் பொறுத்து 7,30,000 முதல் 10,97,000 டாலர் வரை. ஆக, வைத்திருந்தால் தகுதியைக் கெடுக்காத வீடு, கொடுத்துவிட்டால் தகுதியைக் கெடுக்கும். இந்த முரண்தான் ‘வீட்டை மாற்றிவிடுங்கள்’ என்று ஆலோசனை சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது. நீங்கள் இந்த மாதம் பத்திரம் மாற்றினால் 6.5 லட்சத்துக்கு 65 மாதத் தண்டம் கூடுகிறது.

ஆனால் ஒன்றிய சட்டம் சிலருக்கு வீட்டைக் கொடுப்பதைத் தண்டனையிலிருந்து விலக்கியிருக்கிறது: கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளை, எந்த வயதானாலும் பார்வையற்ற அல்லது மாற்றுத்திறனாளியான பிள்ளை, வீட்டில் பங்குரிமையோடு ஓராண்டு உடன் வாழ்ந்த உடன்பிறப்பு. இவர்களோடு, அம்மா நர்சிங் ஹோம் செல்வதற்கு உடனே முந்தைய இரண்டாண்டாவது அதே வீட்டில் தங்கி, தம் கவனிப்பால் அவர் அங்கே போகும் நாளைத் தள்ளிவைத்த மகன் அல்லது மகளும் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் ஒன்றரை ஆண்டு முடித்திருக்கிறீர்கள். ஆறு மாதம் பொறுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். நியூஜெர்சி விதி, மளிகை வாங்கித் தருவது, மருத்துவரிடம் அழைத்துப் போவது போன்ற சாதாரண உதவிகளை ஏற்காது; நீங்கள் இல்லாவிட்டால் அம்மா அன்றே நர்சிங் ஹோமுக்குப் போயிருக்க வேண்டிய நிலை என்பதைக் காட்ட வேண்டும். எனவே இரண்டாண்டு முழுவதும் அவருக்கு நாள் முழுக்கக் கண்காணிப்பு தேவைப்பட்டது என்று அவரைப் பார்த்துவரும் மருத்துவரின் விரிவான கடிதம், உங்கள் ஓட்டுநர் உரிமமும் வரிப் படிவமும் அந்த முகவரியில் இருப்பது, அன்றாடம் என்ன செய்தீர்கள் என்ற நாட்குறிப்பு ஆகிய மூன்றையும் சேருங்கள். கடிதத்தை அம்மா நர்சிங் ஹோமுக்குப் போனபின் கேட்பதைவிட, இப்போதே குறிப்புகள் கோப்பில் ஏறும்படி ஒவ்வொரு சந்திப்பிலும் மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்வது பலன் தரும்.

இந்த வழியில் வீடு உங்கள் பெயருக்கு வந்துவிட்டால், அம்மாவின் காலத்துக்குப் பிறகு வரக்கூடிய இன்னொரு இடியும் தவிரும். 55 வயதுக்கு மேல் ஒருவருக்குச் செய்த பராமரிப்புச் செலவை அவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாநிலம் வசூலிக்க வேண்டும் என்று 1993-இல் ஒன்றிய சட்டம் கட்டாயமாக்கியது. அம்மா பெயரிலேயே வீடு இருந்தால் அந்த வசூல் வீட்டின் மேல் வரும்.

வரியில் ஒரு நட்டம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. உயிரோடு இருக்கும்போது கொடுத்த வீட்டுக்கு அம்மா வாங்கிய விலையே உங்கள் அடக்க விலையாகும். உயில் வழியாக வந்தால் அவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு அடக்க விலையாகும். 6.5 லட்சத்துக்கு நீங்கள் விற்றால் முதல் வகையில் 4.7 லட்சம் டாலர் ஆதாயம். விற்பதற்கு முந்தைய ஐந்தாண்டில், வீடு உங்கள் பெயரில் இருக்க இரண்டாண்டு நீங்களே வசித்திருந்தால் அதில் 2.5 லட்சத்துக்கு விலக்கு உண்டு. எஞ்சியதற்கு வரி வரும். அந்த வரியையும் பல ஆண்டு நர்சிங் ஹோம் செலவையும் தராசில் வைத்தால் எது கனம் என்பது சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கணக்காளரிடம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கொடுத்தபின் அம்மாவுக்கு அந்த வீட்டில் எந்த உரிமையும் இருக்காது என்பதையும் உங்கள் தம்பியிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். இந்தியாவில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கவனித்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு வாங்கிய சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. இங்கே அப்படியொரு கதவு திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டிய ஒரு காகிதம் உண்டு. ஆறு மாதம் கழித்து அம்மாவால் பத்திரத்தைப் புரிந்துகொண்டு கையெழுத்திட முடியுமா? மறதி நோய் காத்திருக்காது. அவர் முன்பே உங்களுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருந்தால் அதை எடுத்துப் படியுங்கள். பொதுவான வாசகங்கள் போதாது. அம்மாவின் சொத்தை அன்பளிப்பாகக் கொடுக்க, அதுவும் உங்களுக்கே கொடுக்க, அதிகாரம் உண்டு என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். நியூஜெர்சியில் அந்த வரி இல்லாமல் நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது. பிறகு நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கேட்டு அலைய வேண்டியிருக்கும். அந்த வரி இல்லையென்றால், அம்மாவுக்குத் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், முதியோர் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரை வீட்டுக்கே வரவழைத்துப் புதிதாக எழுதி வாங்குங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள்.